வளையம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?

தொலைநோக்கியில் கண்ணை வைப்பவர்களில் பாதிப் பேர் கூசாமல் புளுகுகிறார்கள். இது வானத்தக்காவின் கண்டுபிடிப்பு. வரிசையில் கால் கடுக்க நிற்பார்கள், முறை வந்ததும் குனிவார்கள், ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள், மறு கண்ணால் தங்கள் இமைமயிரையோ வெறும் கறுப்பையோ பார்ப்பார்கள். நிமிர்ந்ததும், "அடேயப்பா, அருமை! நல்லாத் தெரியுது!" பின்னால் அத்தனை பேர் காத்திருக்கும்போது, தனக்கு மட்டும் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

அந்தப் புளுகைப் பிடிப்பதற்கென்றே அவள் ஒரு கேள்வி வைத்திருந்தாள். சனிக் கோளைக் காட்டும் நாளில், நிமிர்ந்தவரை விடாமல் கேட்பாள்: "வளையம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?" நிஜமாகப் பார்த்தவர் யோசிக்காமல் உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டிவிடுவார். மற்றவர் திருதிருவென்று விழிப்பார். "அது... நேராத்தாங்க இருக்கு" என்று இழுப்பார்.

"திரும்பக் குனிங்க" என்பாள் அக்கா. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. இதுல என்ன வெட்கம்? சொன்னாத்தானே நான் சரிபண்ண முடியும்?"

கோளரங்கத்துக்கு வந்துபோன பிள்ளைகள் வைத்த பெயர்தான் வானத்தக்கா. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, மதியத்துக்கு மேல் பொதுமக்களுக்கு என்று அந்த வட்டக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து வானத்தைப் பேசுவது அவள் வேலை. மேகம் இல்லாத நாட்களில், கடைசிக் காட்சி முடிந்ததும் கூட்டத்தை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்த் தொலைநோக்கியில் நிஜ வானத்தைக் காட்டுவதும் அவள்தான்.

இதற்கு முன்னால் அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். "பயணிகள் கவனிக்கவும்" என்று அவள் ஆரம்பித்தால், தூங்கிக்கொண்டிருப்பவனும் பையைத் தேடுவான். அப்படி ஒரு குரல். அங்கே ஒரு நகரப் பேருந்து தினமும் தாமதமாகத்தான் வரும். அதை அவள் கொஞ்சம் ருசித்தே அறிவிப்பாள். ஒரு நாள் அதன் ஓட்டுநர் பொறுக்க முடியாமல் அறிவிப்புக் கூண்டுக்கே ஏறி வந்துவிட்டார்.

"என் வண்டி லேட்டுன்னு ஊருக்கே தண்டோரா போடணுமா?"

"சீக்கிரம் வாங்க, அதையும் போடறேன்."

மறுநாளும் சண்டை போட வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். சண்டைக்கு விஷயம் தீர்ந்துபோன பிறகும் வந்துகொண்டிருந்தார். கடைசியில் கல்யாணத்தில் வந்து நின்றது. இன்றைக்கும் வீட்டில் அவர் அவளைக் கூப்பிடுவது "மைக்கு" என்றுதான்.

கோளரங்கத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தபோது, வானத்தைப் பற்றி அவளுக்குச் சூரியனையும் நிலாவையும் தெரியும், அவ்வளவுதான். குரலுக்காக எடுத்தார்கள். முதல் காட்சியில் வாய் தவறி, "பார்வையாளர்கள் கவனிக்கவும், தெற்கு வானில் இன்னும் சற்று நேரத்தில்..." என்று ஆரம்பித்துவிட்டாள். அரங்கமே கொல்லென்று சிரித்தது. ரோஷக்காரி. உட்கார்ந்து படித்தாள், இயக்குநரம்மாவைக் கேள்வி கேட்டுக் குடைந்தாள், ஒவ்வொரு நட்சத்திரமாகப் பழகிக்கொண்டாள். பிறகு அவளை அந்த நாற்காலியிலிருந்து யாராலும் அசைக்க முடியவில்லை.

அரங்கத்தின் நடுவே இரண்டு பக்கமும் தலை வைத்த எறும்பு மாதிரி நட்சத்திரம் காட்டும் கருவி நிற்கும். அதைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள். ஓரத்தில் அக்காவின் மேசை, அதில் ஒலிவாங்கி, வரிசையாகக் குமிழ்கள், ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. வெளிச்சத்தை ஒரேயடியாக அணைக்கக் கூடாது. மெல்ல மெல்ல அந்தியாக்க வேண்டும், கண் பழக வேண்டும். அந்த இடைவெளியில் அவள் வாய் சும்மா இருக்காது. "யாரது போனை நோண்டுறது? அந்த வெளிச்சம் இங்க இருக்கற நட்சத்திரத்தையெல்லாம் தின்னுடும். உள்ள வைங்க. உங்க வீட்டுக்காரம்மாதான் கூப்பிடறாங்கன்னா, வானத்துல இருக்கேன்னு அப்புறமா சொல்லிக்கலாம்." பள்ளிக்கூடக் காட்சிகளில் பிள்ளைகள் முழித்திருப்பார்கள், கூட வந்த ஆசிரியர் குறட்டை விடுவார். அக்கா பேச்சை நிறுத்தி, "அமைதியா கேளுங்க பிள்ளைங்களா, இதுதான் கருந்துளையோட சத்தம்" என்பாள். அதன் பிறகு காட்சி முடியும்வரை எந்த ஆசிரியரும் தூங்கமாட்டார்.

அப்புறம் முழு இருட்டு வரும். நட்சத்திரங்கள் கொட்டும். "ஹா" என்று ஒரு மூச்சு எழும்பும். எத்தனை வருஷமானாலும் அந்த மூச்சைக் கேட்கும்போது அவளுக்கு உள்ளே ஜில்லென்று இருக்கும். அதற்காகத்தான் அவள் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த மூச்சு இப்போதும் வந்தது. நட்சத்திரங்கள்தான் அவளுக்கு வரவில்லை.

முதலில் மங்கலானவை போயின. கருவியில் விளக்குப் பழசாகிவிட்டது என்று நினைத்து, அதைப் பராமரிக்கும் பையனைத் திட்டினாள். பையன் என்று சொல்வது அவள் பழக்கம், அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. எந்நேரமும் விளக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால் எல்லோருக்கும் அவன் பல்பு. "புது விளக்குக்கா, போன வாரம்தான் போட்டேன்" என்று அவன் சத்தியம் செய்தான். பிறகு அந்தி வேளையில் படிகள் தட்டத் தொடங்கின. மேசை முனை இடுப்பில் இடித்தது. ஒரு நாள் பல்பு முக்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்க, அவள் அதன்மேல் குப்புற விழுந்தாள்.

"என்னக்கா, கண்ணு தெரியலையா?" என்று அவன் சும்மா வாய்வார்த்தைக்குத்தான் கேட்டான்.

"வழியில கண்டதையும் போட்டு வெச்சுட்டு என் கண்ணைச் சொல்றியா?" என்று அவள் பாய்ந்த பாய்ச்சலில் அவன் அரண்டுவிட்டான்.

யாருக்கும் சொல்லாமல் கண் மருத்துவரிடம் போனாள். அவர் விளக்கைப் போட்டுப் பார்த்தார், புள்ளிகளைக் காட்டிக் கேட்டார், கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். மருத்துவர் அப்படி உட்கார்ந்தாலே விஷயம் நல்லதில்லை. இருட்டில் பார்க்கிற பார்வை முதலில் போகும், பிறகு ஓரங்கள் போகும், நடுப்பார்வை கடைசிவரை தாங்கும் என்றார். மருந்து கிடையாது என்றார்.

"கடைசிவரைன்னா எப்போவரைக்கும் டாக்டர்?"

"அது ஆளுக்கு ஆள் மாறும்மா. நடுப்பார்வை போகிற அன்னைக்கு உங்களுக்கே தெரியும்."

பயம் கண்ணைப் பற்றி மட்டுமல்ல. நுழைவாயிலுக்குப் பக்கத்தில் ஒரு பொம்மைக் கடை இருக்கிறது. பிளாஸ்டிக் ராக்கெட், பூமி உருண்டை, இருட்டில் ஒளிரும் ஒட்டு நட்சத்திரம் விற்பார்கள். அவளோடு காட்சி நடத்திக்கொண்டிருந்த ஒருவருக்குத் தொண்டை போனதும், இயக்குநரம்மா அவரை வீட்டுக்கு அனுப்பாமல் அங்கேதான் உட்கார வைத்தார். நல்ல மனசோடுதான் செய்தார். அந்த மனிதர் நாளெல்லாம் ராக்கெட்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். உள்ளே கூட்டம் "ஹா" என்னும்போது கையை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்புவார். வாயைத் திறந்தால் நாளைக்கு நாமும் அங்கேதான் என்று அக்கா முடிவு கட்டிக்கொண்டாள்.

எனவே வாயைத் திறக்கவில்லை. அரங்கத்துக்குள் சமாளிப்பது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. குமிழ்கள் கைக்கு மனப்பாடம். நாற்காலி முதுகுகளைத் தடவிக்கொண்டே நடந்தால் மேசை வந்துவிடும். கார்த்திகைக் கூட்டமோ சிவப்பு நட்சத்திரமோ, எது எப்போது வெளியேறும் கதவுக்கு மேலே வரும், எது குளிர்சாதனத் துவாரத்தைத் தாண்டும் என்று அவளுக்கு அத்துப்படி. கூரையில் அம்புக்குறி விழவைக்கும் அம்பு விளக்கைக் கதவுக்கு நேராகத் தூக்கி, "அதோ பாருங்க, சிவப்பா ஒண்ணு" என்பாள். சிவப்பாக ஒன்று அங்கே இருக்கும். அவளுக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போவதுதான் பாடு. மாடிப்படி, வாசல் படி, அப்புறம் மரங்கள் அடர்ந்த அந்த வெளிச்சமில்லாத சந்து. "வேலை முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போங்களேன், தனியா வர என்னவோ போல இருக்கு" என்று கணவரிடம் சொன்னாள். அவர் ஒரு நிமிஷம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் இப்படிக் கேட்டதே இல்லை. மறுநாள் முகச்சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். வாசல் படி இறங்கும்போது அவள் அவர் கையை முழங்கைக்கு மேலே இறுகப் பிடித்துக்கொண்டாள். சந்தில் பிடித்தாள், கடைத்தெருவில் பிடித்தாள், வீட்டு வாசல்வரை விடவே இல்லை. பணிமனையில் சக ஓட்டுநர்களிடம் அவர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்: "இந்த வயசுலதாம்பா அவளுக்கு எம்மேல பாசம் பொங்குது. கையை விடமாட்டேங்கறா!" அது சுற்றி வளைத்து அவள் காதுக்கும் வந்தது. சிரித்தாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். ஒரு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

அன்றைக்கு மதியம் ஒரு தூறல் போட்டு வானம் கழுவிவிட்டாற்போல இருந்தது. கடைசிக் காட்சிக்கு நல்ல கூட்டம். சனிக் கோள் காட்டப் போகிறோம் என்றதும் வழக்கம்போல ஒருவர், "வீட்டுலயே ஒரு சனியன் இருக்கும்மா, இதுக்கு டிக்கெட் வேறயா?" என்றார். வழக்கம்போல அவர் மனைவி அவர் தொடையில் கிள்ளினாள். எல்லோரையும் திரட்டி மாடிக்கு அனுப்பிவிட்டு, அக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கடைசியாக ஏறினாள்.

மாடியில் வேலைப் பங்கீடு ஒன்று உண்டு. தொலைநோக்கியின் மேல் போர்த்திய தார்ப்பாயை உருவுவது அக்கா. குழாயின் வாயில் இருக்கும் மூடியைக் கழற்றுவதும் குழாயைக் கோளுக்கு நேராகத் திருப்புவதும் பல்பு. குழாயின் வாய் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும், அவன் ஒரு பெட்டிமேல் ஏறித்தான் எடுப்பான். அன்று மோட்டாரைத் தட்டிவிட்டுக் குழாயைத் திருப்பி முடித்தானோ இல்லையோ, கீழே கருவியில் ஏதோ புகையுது என்று காவலாளி ஓடி வந்தார். "அக்கா, மிச்சத்தை நீங்க பாத்துக்குங்க, வந்துடறேன்!" என்று பல்பு படிகளில் தடதடவென்று இறங்கிவிட்டான். மிச்சம் என்றால் என்ன என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் கைக்குத் தெரிந்த மிச்சம் தார்ப்பாய்தான். அதை உருவி மடித்து வைத்தாள். மேலே கறுப்புக் குழாயின் வாயில் கறுப்பு மூடி அப்படியே இருந்தது. பார்வை நன்றாக இருப்பவளே அந்த இருட்டில் அண்ணாந்து பார்த்தால்தான் கண்டுபிடித்திருப்பாள்.

கூட்டத்தைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவள் ஒரு தடவை பார்த்து உறுதிசெய்துகொள்வது விதி. குனிந்தாள். கறுப்பு. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். சுத்தமான கறுப்பு.

தலையில் இடி விழுந்தாற்போல இருந்தது. போன வாரம்வரை, வெளியே எது மங்கினாலும், இந்தத் துளைக்குள் அந்தக் குட்டி மஞ்சள் உருண்டையும் வளையமும் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தன. அது நடுப்பார்வை, கடைசிவரை தாங்கும் என்று மருத்துவர் சொன்ன பார்வை. போகிற அன்னைக்கு உங்களுக்கே தெரியும் என்றாரே, அது இன்றைக்குத்தானா? ஐயோ, இவ்வளவு சீக்கிரமா? தரையோரத்துச் சிவப்பு விளக்கு தெரிகிறதே என்றெல்லாம் அவளுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். சற்றுத் தள்ளி இயக்குநரம்மா யாரோ விருந்தினரோடு பேசிக்கொண்டிருக்கிறார். அவள் நிமிர்ந்தாள்.

"தயாரா இருக்கு. ஒவ்வொருத்தரா வாங்க" என்றாள்.

முதலில் வந்தவர் நல்ல பருமனான ஆள். மூச்சு வாங்கக் குனிந்து, "அடேயப்பா!" என்றார். "சூப்பரா தெரியுதுங்க!" அடுத்து வந்த அவர் மனைவியும், "ஆமாங்க, என்ன அழகு!" என்றாள். ஒரு கல்லூரிப் பெண், "வளையம் கூடத் தெரியுது" என்றாள். ஒவ்வொரு வார்த்தையும் அக்காவுக்கு ஊசி குத்தினாற்போல இருந்தது. எல்லோருக்கும் தெரிகிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. முடிந்தது கதை. அன்றைக்கு அவள் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. வளையம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எந்த வாயால் கேட்பாள்? அவர்கள் என்ன சொன்னாலும் குனிந்து சரிபார்க்க அவளால் முடியாதே.

அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பருமனானவரோடேயே குட்டு உடைந்திருக்கும்.

வரிசை பாதி நகர்ந்திருக்கும். "என்ன மைக்கு, நானும் பாக்கலாமா?" என்று ஒரு குரல். கணவர். வண்டியைச் சீக்கிரமே பணிமனையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இந்த ஒரு வருஷமும் கீழே வாசலில் நின்று காத்திருப்பாரே தவிர, மாடி ஏறியதில்லை. வானத்தில் அவருக்குப் பெரிய ஆர்வம் கிடையாது, மழை வருமா வராதா என்பதைத் தவிர. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"பிரமாதம்" என்றார். "இதைத்தான் தினமும் பாக்கறியா நீ? கொடுத்து வெச்சவ."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. நல்லவேளை இருட்டு.

அப்போதுதான் பல்பு கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தான். வந்தவன் குழாயை அண்ணாந்து பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான். பூனைபோல அவள் பக்கத்தில் வந்து காதருகே குனிந்தான்.

"அக்கா. மூடி."

"என்ன மூடி?"

"குழாய் வாயில மூடி அப்படியே இருக்கு. இவ்வளவு நேரம் எல்லாரும் மூடியைத்தான் பாத்துட்டுப் போயிருக்காங்க." அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சத்தம் போடாதீங்க. அடுத்த ஆளு குனியறதுக்குள்ள எடுத்துடறேன். ஈ காக்காய்க்குத் தெரியாது."

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஓடியது. அப்பாடா! மூடி! கண் இல்லை, மூடி! அங்கேயே உட்கார்ந்து சிரிக்கவேண்டும்போல இருந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. "சூப்பரா தெரியுதுங்க"வாமே! "வளையம் கூடத் தெரியுது"வாமே! என்ன வாய், என்ன வாய்! கட்டின புருஷன்வரை கூசாமல்... கோபம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவளிடமே வந்து நின்றது. எல்லோருக்கும் முன்னால் குனிந்து, கறுப்பைப் பார்த்துவிட்டு, "தயாரா இருக்கு" என்று சொன்ன முதல் ஆள் யார்?

"எடுக்கட்டுமாக்கா?"

"இரு" என்றாள். பக்கத்திலிருந்த மாடி மேசையில் தடவிக் கை ஒலிபெருக்கியை எடுத்தாள். வாயில் வைத்ததும் பழைய பேருந்து நிலையக் குரல் தானாக வந்துவிட்டது.

"பார்வையாளர்கள் கவனிக்கவும். தொலைநோக்கியின் மூடி இதுவரை திறக்கப்படவில்லை. இதுவரை சனிக் கோளைப் பார்த்து ரசித்தவர்கள் அனைவரும் தயவுசெய்து மீண்டும் வரிசைக்கு வரவும்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது பரவி எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பார்த்துவிட்டு நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அசடு வழிந்தார்கள். பருமனானவருக்கு மட்டும் ரோஷம் வந்துவிட்டது. முன்னால் வந்தார்.

"எங்களைச் சொல்றீங்களே, முதல்ல பாத்தது நீங்கதானே? நீங்க பாத்துட்டு, தயாரா இருக்குன்னு சொன்னீங்களே! உங்களுக்கு மூடி தெரியலையா?"

நியாயமான கேள்வி. இயக்குநரம்மாவும் இப்போது பக்கத்தில் வந்து நின்றார். பல்பு முந்திக்கொண்டான். "இல்லைங்க, தப்பு என்னோடதுதான், நான்தான் மூடியை எடுக்க மறந்துட்டேன், அக்கா இன்னைக்குப் பாக்கவே இல்ல..." கையில் வைத்துத் தந்த பொய். ஆமாம், இன்றைக்குப் பார்க்க மறந்துவிட்டேன் என்று அவளும் சொன்னால் போதும். ஒரு சின்னத் திட்டோடு போய்விடும். நாளைக்குக் காலையில் பள்ளிக்கூடக் காட்சி, கூட்டம் "ஹா" என்னும், எல்லாம் பழையபடி நடக்கும். பொம்மைக் கடைக்காரர் ராக்கெட்டைத் துடைப்பது அவள் கண்முன்னால் வந்தது.

ஒலிபெருக்கியைக் கீழே வைத்தாள்.

"பாத்தேங்க" என்றாள். "முதல்ல பாத்தது நான்தான். கறுப்பாத்தான் இருந்தது. என் கண்ணுதான் போயிடுச்சுன்னு நினைச்சேன். அதான் சொல்லல."

பருமனானவர் குழாயை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"எனக்கு இருட்டுல பார்வை போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றாள். "யார்கிட்டயும் சொல்லல. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்கன்னு தினமும் உங்ககிட்ட கத்தறேன். நான் சொல்லல. பயம். என்னை மன்னிச்சுடுங்க மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. இயக்குநரம்மாவின் முகம் சிவந்துபோயிற்று என்று பல்பு பிற்பாடு சொன்னான். அவர் பேசியபோது எல்லோருக்கும் கேட்டது கோபம்தான்.

"ஒரு வருஷமா? இந்தப் படியிலயா ஏறி இறங்கினீங்க? தலைகீழா விழுந்திருந்தா யாருங்க பதில் சொல்றது? நானா? நாளையிலேருந்து இந்த மாடிப் பக்கம் உங்களைப் பாக்கக் கூடாது. பல்பு ஏத்துக்கட்டும்."

"சரி மேடம். அப்போ நான் கடையிலயா?"

"எந்தக் கடையில? உங்களைக் கடையில உக்கார வெச்சா, வர்றவங்களைக் கேள்வி கேட்டே விரட்டிடுவீங்க, ஒரு ராக்கெட்கூட விக்காது. கீழ காட்சியை யாரு நடத்தறது? இவனா?" என்று பல்பைக் காட்டினார். "குமிழுக்குக் கண்ணு வேணுமா?"

"வேணாம் மேடம்."

"படிக்கு ஒளிர்ற பட்டை ஒட்டச் சொல்றேன். கூட ஒரு ஆளு போடறேன். சொல்லியிருந்தா போன வருஷமே போட்டிருப்பேன்." இதைச் சொல்லிவிட்டு அவர் விடுவிடுவென்று விருந்தினரிடம் போய்விட்டார்.

பல்பு பெட்டிமேல் ஏறி மூடியைக் கழற்றினான். வரிசை முதலிலிருந்து மறுபடி நகர்ந்தது. அன்றைக்குப் போல ஒரு வரிசையை அந்த மாடி கண்டதில்லை. பருமனானவர் குனிந்து, "எனக்கு ஒண்ணும் தெரியலைங்க" என்றார் உரக்க. அவருக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டியிருந்தது. கல்லூரிப் பெண், "மங்கலா இருக்கு, வளையமா என்னன்னு தெரியல" என்றாள். அவளுக்குக் குவியத்தைத் திருகித் தந்தார்கள். தெரியாதவர்கள் எல்லோரும் தெரியவில்லை என்றார்கள், தெரிந்ததும் வாயடைத்து நின்றார்கள். நேரம்தான் இரண்டு மடங்கு ஆயிற்று.

எல்லோரும் போன பிறகு பல்பு அவள் தோளைத் தொட்டுக் குழாய்ப் பக்கம் திருப்பினான். "நீங்க பாக்கலையேக்கா."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மூடி இருந்தது நிஜம்தான், அதற்காகக் கண் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடுமா? மெல்லக் குனிந்தாள். துளையைக் கண்ணால் தேடினாள். நிறைய நேரம் பிடித்தது.

"தெரியுதுடா" என்றாள்.

பல்பு நம்பவில்லை. அவளிடம் பாடம் படித்தவன் ஆயிற்றே. "வளையம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

அவள் கண்ணை எடுக்காமலேயே இடது கையைத் தூக்கி உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினாள். அவன் அவளை நகரச் சொல்லிக் குனிந்து பார்த்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தார்ப்பாயை எடுக்கப் போனான்.

கணவர் படிக்கட்டுத் தலைப்பில் நின்றிருந்தார். கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். பாதிப் படி இறங்கினார்கள்.

"எனக்கும் கறுப்பாத்தான் இருந்துச்சு" என்றார். "உனக்குச் சந்தோஷமா இருக்குமேன்னு சொல்லிட்டேன்."

"தெரியும். புளுகு மூட்டை."

வாசலைத் தாண்டிச் சந்துக்குள் வந்துவிட்டார்கள். அவர் மனசில் ஒரு கேள்வி இருந்தது, எப்படிக் கேட்பதென்றுதான் தெரியவில்லை. "அப்போ ஒரு வருஷமா என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்ததெல்லாம்..."

"படி தெரியாமத்தான். இந்தச் சந்தும் தெரியாமத்தான்."

"ம்" என்றார். அந்த 'ம்' மிகச் சின்னதாக இருந்தது. பணிமனையில் பேசிய பேச்செல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மேற்கொண்டு எதுவும் கேட்காமல், பள்ளம் வந்த இடத்தில் மட்டும் "பாத்து" என்றார்.

சந்து முடிந்து கடைத்தெரு வந்தது. இரண்டு பக்கமும் கடை விளக்குகள், பகல்போல வெளிச்சம். அவர் நடையைத் தளர்த்தினார். கையையும் கொஞ்சம் தளர்த்தினார்.

"இங்க வெளிச்சமா இருக்கு மைக்கு. உனக்கே நல்லாத் தெரியும்."

"தெரியுது" என்றாள் அவள். "ஒரு வருஷமா இந்தத் தெருவுல எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது. கையை விட்டேனா?"

அவர் நின்று அவளைப் பார்த்தார். பிறகு இருவரும் நடந்தார்கள். வீட்டு வாசல்வரை அவள் கையை விடவில்லை.